முதுகு இருந்த இடத்தில் உறவு

மகன்,

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ தெகிவளையில் அந்த ஸ்டூடியோவுக்குள் போய் உன் பாட்டைப் பாடப்போகிறாய். திங்கட்கிழமை மெல்பேர்னுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் பல்லவியில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன். நீ ‘முதுகு’ என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துவிட்டு ‘உறவு’ என்று போடச் சொன்னேன். முதல் அடி ‘கதவு’ என்று முடிகிறது, இரண்டாம் அடி முதுகு என்று முடிந்தால் இயைபு பொருந்தாது என்று காரணமும் சொன்னேன். நீ நம்பினாய், ஏனென்றால் உன் அம்மா இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கிறவள். ஆனால் அது உண்மையான காரணம் இல்லை, மகன். அந்த முதுகைக் கண்டு நான் பயந்தேன். அது யாருடைய முதுகு என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. தெரியாமலேதான் எழுதியிருக்கிறாய்.

இதை ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை. நேற்றும் இதே நேரம் எழுதத் தொடங்கி, அரைப் பக்கத்தில் கிழித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இன்று காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரே பாடலை இரண்டு தடவை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். “டீச்சர், இது முதலே சொல்லித் தந்திட்டீங்கள்” என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. பக்கத்து அறையில் படுத்தெழும்புகிற மகனுக்கு ஒரு தாய் கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். ஒரு புத்தகம் கையில் இருந்தால் நாற்பது பேருக்கு முன்னால் கதைப்பேன். புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டால் சொந்தப் பிள்ளைக்கு முன்னால்கூட எனக்கு நா எழாது. எங்கள் வீட்டில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். அங்கே நாலு வருடத்தில் ஒரு நாளும் கை உயர்த்திக் கேள்வி கேட்டதில்லை. சந்தேகங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் ஒவ்வொரு சொல்லாக வைத்திருக்கிறேன். நீ கீபோர்டோடு தரையில் இருந்தாய். உன் நண்பன் நிரோஷன் ஜன்னலோரம் இருந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். கடற்பக்கத்தால் ரயில் போனபோது நீ பாட்டை நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை காத்திருந்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

“அம்மா, ஒருக்கா வந்து கேளுங்கோ. பிழை பிடிக்கக்கூடாது, சும்மா கேக்கத்தான்.”

“ஆன்ட்டியாவது, பிழை பிடிக்காம இருக்கிறதாவது!” என்றான் நிரோஷன். “மச்சான், அவ பிறக்கேக்கயே ரெட் பென்னோட பிறந்தவ.”

நீ பாடினாய்.

கடைத்தெரு முழுக்க மூடின கதவு
அதுக்கு முதல் முழிச்சது ஒரு முதுகு

கீபோர்டுக்கு வயர் வாங்கவென்று விடிய வெள்ளனப் புறக்கோட்டைக்கு, நீங்கள் பெட்டா என்கிற இடத்துக்கு, போனாய் என்றும், கடை திறக்கும்வரை நின்றபோது பூட்டிய ஷட்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு ஒரு நாட்டாமை குந்தியிருந்தார் என்றும் சொன்னாய். “மூட்டை தூக்குற ஆள் அம்மா. முகத்தை நான் காணேல்லை. முதுகைத்தான் கண்டனான். அதுவே ஒரு முகம் மாதிரி இருந்தது” என்றாய். அன்று காலைதான் உன் மாமி, அப்பாவின் சகோதரி, தொலைபேசியில் சொல்லியிருந்தா, ஒலிப்பதிவு பார்க்கத் தானும் வருவேன் என்று. மருமகன் பாடுவதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம். அது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன், இலக்கணம் வந்தது.

“இயைபு இல்லை மகன். கதவு, முதுகு. ஒண்டு வு, மற்றது கு.”

“பாடேக்க ஒரே மாதிரித்தானே கேக்குது?”

“கேக்கிறது வேற, இருக்கிறது வேற.”

“அப்ப என்ன போடுறது?”

“உறவு எண்டு போடு. கதவு, உறவு. சுத்தமா வரும்.”

நிரோஷன் தாளத்தை நிறுத்தினான். “எந்த உறவு ஆன்ட்டி? விடிய வெள்ளனப் பெட்டாவில ஆரின்ர உறவு வந்து முழிக்கிறது?”

“விடு மச்சான்” என்றாய் நீ. “அம்மாவுக்குத் தமிழ் தெரியும்.” பென்சிலை எடுத்து அடித்துவிட்டு எழுதினாய். அந்த அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நிரோஷன் சொன்னது சரி. நான் சொன்னது பிழை, அதுவும் என் பாடத்தின்படியே பிழை. முழுக்க, மூடின, முதல், முழிச்சது, முதுகு என்று ஐந்து சொல் ஒரே உதட்டோசையில் தொடங்கி அந்த இரண்டு அடியையும் உள்ளுக்குள்ளேயே கட்டி வைத்திருந்தன. கடைசிக் கட்டை நான் அறுத்தேன். மோனை போயிற்று. மெட்டில் அந்தக் கடைசி எழுத்தை நீ நீட்டிப் பாடுகிறாய். நீட்டும்போது ‘கு’வும் ‘வு’வும் ஒரே உதட்டுக் குவிப்பில் போய் முடிகின்றன. காது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும், ஒன்றென்று மயங்காது. கதவைக் கேட்டவனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அதுதான் அந்த வரியின் உயிர். உறவு என்றால் நீ வாய் திறக்க முன்னமே கேட்பவன் சொல்லி முடித்துவிடுவான். கல்யாணங்களுக்கு வாழ்த்து மடல் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவார்களே, நான் ‘இல்லறம்’ என்று வாசிக்கும்போதே மண்டபத்தில் முன்வரிசை ‘நல்லறம்’ என்று முணுமுணுக்கும். பிறகு யாரும் மணமக்களைப் பற்றிக் கேட்பதில்லை. இயைபு வந்து சேர்ந்துவிட்டது, எல்லாருக்கும் நிம்மதி, சாப்பிடப் போகலாம்.

கிட்டத்தட்டப் பொருந்துகிற ஓசையைச் சோம்பேறித்தனம் என்று ஒருவர் சொன்னால் கேட்காதே. நானே சொன்னாலும் கேட்காதே. நம் யாப்பிலேயே அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டாம் எழுத்து அச்சாக ஒன்றாக வராவிட்டாலும் இனம் ஒத்தால் போதும் என்று ஓர் எதுகை உண்டு. தம்பி, நண்பன், அன்பு என்று மூன்று அடி தொடங்கினால், மூக்கால் வருகிற ஓசை மூன்றிலும் இருக்கிறது. எழுத்து வேறு, குடும்பம் ஒன்று. ‘வாழ்த்து’வும் ‘காத்து’வும் சேரலாம், இடையில் நிற்கிற ழகர மெய்யைக் காது மன்னித்துவிடும். அப்படி இடையில் நிற்கிற எழுத்துக்கு ஆசு என்று பெயர். பொன்வேலை செய்கிறவர்கள் இரண்டு துண்டை ஒட்டுவதற்கு இடையில் வைக்கிற பொடிக்கும் அதே பெயர்தான் என்று விரிவுரையாளர் சொன்ன நாளில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செட்டியார் தெரு நகைக் கடைகளைத் தாண்டித்தான் தினமும் நடந்து பஸ்ஸுக்குப் போவேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது ஒரு பட்டறை வாசலில் நின்று, ஊதுகுழலோடு குனிந்திருந்த மனிதரையே பார்த்தேன். “என்னம்மா வேணும்?” என்று அவர் நிமிர்ந்ததும் ஓடிவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் இடங்களைக் கூவும்போதும் காது அங்கேதான் போகும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு வெள்ளவத்த, தெஹிவள என்று இழுப்பான். வத்தவும் வளவும் ஒட்டவில்லை. ஆனால் அந்த ஒட்டாத இடத்தில்தான் தூங்குகிறவன் விழித்துத் தன் இடம் தாண்டிவிட்டதா என்று பார்ப்பான்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்கு அப்படிச் சொன்னேன். அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை. இன்னொன்றும் உண்டு. நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்றில்லை.

மணி அடித்துவிட்டது. மிச்சத்தை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

வீட்டில் நீ இல்லை. பயணப் பெட்டி வாங்கவென்று அப்பாவோடு போயிருக்கிறாய். குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன், இடையில் இரண்டு தடவை எழும்பி அடுப்பில் ஒன்றும் இல்லையா என்று பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

என் அப்பா இறந்தபோது உனக்கு மூன்று வயது. நான் பிறந்து வளர்ந்த ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஆட்களுக்குப் பதினாறாம் நாளோடு காரியம் முடிந்துவிடும். உன் அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தவர்கள், அவர்களுக்கு முப்பத்தோராம் நாள்தான் பெரிது. அன்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வருகிறவர்கள் கையில் கொடுப்பார்கள். உள்ளே இறந்தவரின் வாழ்க்கையும் வீட்டாரின் புலம்பலும் செய்யுளாக இருக்கும். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். உன் மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: “உம்மட அப்பாவுக்கும் முப்பத்தொண்டு செய்வம். எங்கட வீட்டிலயே வைப்பம். கல்வெட்டை நீரே எழுதும். தமிழ் படிச்சனீர், ஆரோ எழுதி நாங்கள் காசு குடுக்கிறதே?” அவ அன்பாகத்தான் சொன்னா. எங்கள் கல்யாணத்தின்போது உன் அப்பாவின் வீட்டில் என் அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, ‘புறக்கோட்டையில் வியாபாரம்’ என்று பதில் போயிருந்தது. சொன்னது யார் என்று நீ கேட்பாய். நான்தான். உன் அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும். “வியாபாரம் நடக்கிற இடத்திலதானே இருக்கிறார், பெரிய பொய் இல்லை” என்று அவர் அப்போது பகிடியாகச் சொல்லிக் கடந்துவிட்டார்.

கல்வெட்டை மூன்று நாள் இருந்து எழுதினேன். அதில் ஒரு நாலடிச் செய்யுள்தான் எல்லாருக்கும் பிடித்தது. முதலில் எழுதியது இப்படி:

பட்டணத்து வீதியிலே பலர்போற்ற வாழ்ந்தவரே
கட்டியதோர் மனையாளின் கண்கலங்கப் போனீரோ
மூட்டை சுமந்தெம்மை முன்னேற்றி வைத்தவரே
எட்டாத தூரத்தை எதற்காகத் தேர்ந்தீரோ

அழுதுகொண்டே எழுதியது. மூன்றாவது அடி தானாக வந்தது, மற்ற மூன்றையும் யோசித்துத்தான் போட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தும் குறிலுக்குக் குறிலாக, நெடிலுக்கு நெடிலாக அளவு ஒத்திருக்க வேண்டும். பட்டணம், கட்டிய, எட்டாத என்று மூன்றும் குறிலில் தொடங்குகின்றன. மூட்டை நெடில். ஒரு மாத்திரை கூடிவிட்டது. ஒரு மாத்திரை என்பது கண் ஒரு தடவை இமைக்கிற நேரம். அவ்வளவு சின்ன இடத்துக்குள் நான் என் அப்பாவை ஒளித்துவைத்தேன். மூட்டையை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

செட்டுத்தொழில் நடத்திச் சீருடனே வளர்த்தவரே

செட்டு என்றால் வியாபாரம். பழைய சொல். அகராதியில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் இல்லை.

அச்சகத்துக்குக் கொடுக்க முன்னம் உன் அப்பா பார்த்தார். “முந்தி எழுதினது நல்லா இருந்ததே. ஏன் மாத்தினீர்?”

“எதுகை இல்லைங்க. நெடில் வருது.”

“எதுகைதான் பிரச்சினையோ?” என்று என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பல வருடம் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். சொந்தப் பிழையை இன்னொருவர் தடுக்கவில்லை என்று கோபிப்பது எவ்வளவு வசதி, பார்.

முப்பத்தோராம் நாள் மாமியின் வெள்ளவத்தை வீட்டில் கூடம் நிறைந்த சனம். மாமியின் ஆட்கள் கல்வெட்டை விரித்து வாசித்துவிட்டு, “பிள்ளை, எதுகை அந்தமாதிரி விழுந்திருக்கு” என்று பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. பதினொரு மணிபோல அப்பாவோடு வேலை செய்தவர்கள் ஏழு பேர் வந்தார்கள். வெளுத்த சட்டை போட்டு, தலைமயிரை எண்ணெய் வைத்து வாரி, செருப்பைக் கதவுக்கு வெளியே நேராக அடுக்கிவிட்டு, கடைசி வரிசை நாற்காலிகளில் நுனியில் இருந்தார்கள். அவர்களில் சிங்காரம் சித்தப்பா ஒருவருக்குத்தான் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். சொந்தம் இல்லை, அப்பாவின் கூட்டாளி. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன். விரலை எழுத்தின்கீழ் வைத்துச் சத்தமாக வாசித்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். மூன்றாம் அடியில் விரல் நின்றது.

“பாப்பா, இங்க வா. செட்டுத்தொழிலுன்னா என்னா தொழிலு?”

“வியாபாரம், சித்தப்பா.”

“வியாபாரமா?” அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “அண்ணன் வியாபாரம் பண்ணிச்சாம்டா. நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்? எனக்கு முன்னால எப்பவும் மூட்டதான் தெரியும்” என்றார் மற்றவர். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “அப்ப இத்தன வருஷமா மொதலாளி கூடவா தூக்குனோம்? ஒரு நாளு டீயாச்சும் வாங்கிக் கேட்டிருக்கலாமே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்மேல் கோபம் இருந்ததா என்று அவர்கள் முகங்களைத் தேடினேன். கோபம் இருந்திருந்தால் நல்லது. சிங்காரம் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. “நல்லா எழுதியிருக்க பாப்பா” என்றார். “படிச்சபுள்ள. ஆனா இது வேற யாரோ மாதிரி இருக்கு.”

அவர்கள் சாப்பிட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். பிறகு நாற்காலிகளை மடக்கப் போனேன். கடைசி வரிசையில் ஏழு நாற்காலியிலும் ஏழு கல்வெட்டும் மூடியபடி இருந்தன. ஒருவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மறந்துவிட்டார்கள் என்று மாமி சொன்னா. அவ அப்போது குசினிப் பக்கம் நின்றவ. அந்தச் சிரிப்புக் கேட்டதா, கேட்டும் கேட்காததுபோல இருந்தாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு சிங்காரம் சித்தப்பாவை நான் போய்ப் பார்க்கவில்லை. ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போகிற நாளில்கூட அவர் இருக்கிற ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றி நடந்தேன். இப்போது இருக்கிறாரா என்பதே தெரியாது. இதையும் நான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நீ நாலாம் வகுப்பில் ‘என் தாத்தா’ என்று ஒரு கட்டுரை எழுதினாய், நினைவிருக்கிறதா? அலுமாரியில் கிடந்த கல்வெட்டைப் பார்த்து, யாரிடமோ பொருள் கேட்டு, ‘என் தாத்தா ஒரு வியாபாரி, அவருக்குப் புறக்கோட்டையில் கடை இருந்தது’ என்று எழுதியிருந்தாய். கடை உன் சேர்க்கை. பொய்க்கு நீ ஒரு கூரை போட்டுக் கொடுத்தாய், பாவம், உனக்கு அது நியாயமாகப் பட்டிருக்கும். என்னிடம் திருத்தத் தந்தாய். இரண்டு எழுத்துப் பிழையையும் ஒரு சந்திப் பிழையையும் திருத்தினேன். வியாபாரியையும் கடையையும் அப்படியே விட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை நிமிர்ந்து, “எல்லாம் சரியா அம்மா?” என்று கேட்டாய். “ஓம், எல்லாம் சரி” என்றேன்.

ஒரு பொருத்தமான ஓசை கிடைத்ததும் நமக்குள் ஒரு நிம்மதி வருகிறது, கவனித்திருப்பாய். பூட்டுக்குள் சாவி போனதுபோல. அந்த நிம்மதியைச் சந்தேகப்படு. அது உண்மை பொருந்தியதால் வந்ததா, ஓசை பொருந்தியதால் வந்ததா என்று ஒரு தடவை நின்று கேள். பெரும்பாலும் ஓசைதான். எதுவும் பொருந்தாமல் எழுது என்று நான் சொல்லவில்லை, மகன். பொருந்தாமல் எழுதினால் பாட்டு நிற்காது, உன் நண்பன் தாளம் போட முடியாது. ஓசை சொல்லைத் தேடி வரட்டும். சொல்லை ஓசைக்குப் பின்னால் அனுப்பாதே. உனக்கு வேண்டிய சொல் ஒன்று முதலில் வந்து குந்தியிருக்கும், முகம் காட்டாமல். அதை எழுப்பிவிட்டு அழகான இன்னொன்றை அந்த இடத்தில் இருத்தத் தோன்றும். பொறு. அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடிய ஓசையைத் தேடு. முழுதாக ஒட்டாவிட்டால், உயிரெழுத்து ஒட்டுகிறதா பார். அதுவும் இல்லாவிட்டால் மோனையால் கட்டு. ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த அடியை ஒட்டாமலே விடு, கேட்பவன் தடுக்கி நிற்கட்டும். தடுக்கி நிற்கிறவன்தான் கீழே பார்ப்பான்.

இப்படி நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. புள்ளிகளுக்காகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பெற்றோர் வந்துவிடுவார்கள். சொன்னதெல்லாம் விதிதான். விதிகள் பிழையில்லை, எனக்கு அவை பிடிக்கும். கூச்சமுள்ள ஒரு பெண்ணுக்கு விதி எவ்வளவு பெரிய மறைப்பு என்பது உனக்குத் தெரியாது. ‘எனக்கு வெட்கமாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘எதுகை இல்லை’ என்று சொல்லலாம். யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள். நீயும் கேட்கவில்லை. ‘அம்மாவுக்குத் தமிழ் தெரியும்’ என்றாய். நாலு நாளாக என்னை ஓரிடத்தில் இருக்கவிடாமல் துரத்துவது அந்த வார்த்தைதான்.

இனி எதுகை, இயைபு எதுவும் பார்க்காமல் எழுதுகிறேன். உன் தாத்தாவின் பெயர் மாரிமுத்து. அவர் புறக்கோட்டையில் நாட்டாமையாக இருந்தார். வெங்காயம், பருப்பு, சீனி, சில நாள் சீமெந்து. கடையும் இல்லை, கடையில் பங்கும் இல்லை. ஐந்தரைக்கெல்லாம் வீட்டை விட்டு நடந்து போய், முதல் லொறி வரும்வரை ஷட்டர் ஓரம் குந்தியிருப்பார். வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும், அதனால் எந்தச் சட்டையும் ஒரு பக்கம் தொங்கும். முதுகில் நடு எலும்பின் இரண்டு பக்கமும் தோல் தடித்துக் கறுத்திருந்தது. நான் கம்பஸுக்குத் தெரிவானபோது அவர் கூட்டாளிகளிடம், “எம்மக இனி எழுத்துதான் தூக்கும்” என்று சொன்னாராம். ஒரு நாள் நான் தோழிகளோடு அந்தத் தெருவால் போனபோது, மூட்டையோடு எதிரே வந்தவர் என்னைக் கண்டதும் மூட்டையை முகத்துப் பக்கம் சரித்துக்கொண்டு கடந்து போனார். நான் கூப்பிடவில்லை. சனம் நெருங்கிய தெருவில் வழி கேட்டு அவர் ஒரு கூச்சல் போடுவார். அதை எனக்கு இப்போதும் அதே குரலில் கேட்க முடியும். “அய்யே பார! அண்ணே ஓரம்! அக்கா தூரம்!” முதல் கூவல் சிங்களவனுக்கு, ‘அண்ணே, வழி’ என்று. மற்ற இரண்டும் நம்மவர்களுக்கு. பார, ஓரம், தூரம் மூன்றும் நெடிலில் தொடங்கி ரகரத்தில் சேர்கின்றன, முடிவு மட்டும் சரியாக ஒட்டவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒட்டவில்லை, ஆனால் சனம் விலகி வழி விட்டது.

இதில் எவ்வளவை உன் பாட்டுக்குள் எடுப்பாய், எடுப்பாயா என்பது உன் விருப்பம். பாட்டு உன்னுடையது, இன்னொரு தடவை அதில் கை வைக்கமாட்டேன். உறவு என்றே பாடினாலும் உன்னோடு கோபிக்க எனக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் இவ்வளவு காலம் மறைத்ததற்கு நீ என்னோடு கோபிக்கலாம். திங்கட்கிழமைக்கு முன்னம் கோபித்துக்கொள், நீ போன பிறகு தொலைபேசியில் உன் மௌனத்தை என்னால் தாங்க முடியாது.

சனிக்கிழமை நான் ஸ்டூடியோவுக்கு வருவேன். மாமியும் வருவா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பா. நீ முதுகு என்று பாடினால், “ஆரின்ர முதுகைப் பற்றிப் பாடுறான்?” என்று கட்டாயம் கேட்பா. அந்தக் கேள்வியை நினைத்து நீ ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். அதற்குப் பதில் நான் சொல்லுவேன்.

அம்மா